வெறும் தண்ணீரின் பயணம்

எங்கள் ஆய்வகத்தில் வெறும் தண்ணீருக்கும் பயணப்படி உண்டு என்று கேலி செய்வார்கள். எந்த ஊருக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனாலும், காலி பாட்டில்களோடு ஒரு பாட்டில் நிறைய, எதுவும் கலக்காத வாலைவடிநீரும் கூடவே போகும். கிணற்றடியில் அதன் மூடியைத் திறந்து மூட வேண்டும். பிறகு அதுவும் மற்ற பாட்டில்களோடு திரும்பி வந்து, அதே அலமாரியில் காத்திருந்து, தன் முறை வரும்போது கருவியின் முன்னால் நிற்க வேண்டும்.

போன மாதம் நிர்மலா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"சார், இந்த ரூல் யாரு போட்டது? சும்மா தண்ணிய கூடுவாஞ்சேரி வரைக்கும் கூட்டிட்டுப் போய்ட்டு கூட்டிட்டு வர்றோம். ஆட்டோல அதுக்கு ஒரு சீட்டு வேற."

"எஸ்தர் மேடம் போட்டது," என்றேன்.

"எதுக்குன்னு யாருக்குமே தெரியலை சார். கேட்டா, 'எப்பவும் அப்படித்தான்'ங்கிறாங்க."

எப்பவும் அப்படித்தான் என்ற சொல் என் காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் மாட்டிக்கொண்டதே அந்தச் சொல்லால்தான். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், என் மனைவியைக் கேட்டால் அவளே சொல்வாள்.

நான் பல்லாவரத்துத் தோல் வியாபாரக் குடும்பம். அத்தாவுக்கு நான் மண்டியில் உட்கார வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் சோடியம் விளக்கை நிறமாலைமானி வழியே பார்க்கச் சொன்னார்கள். ஒரே மஞ்சள் கோடு தெரிந்தது. திருகை மெல்லத் திருகிக்கொண்டே போனபோது அந்த ஒரு கோடு சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. பக்கத்தில் இருந்தவன், "முடிச்சிட்டியா, தள்ளு" என்றான். நான் தள்ளவில்லை. இத்தனை நாளும் ஒன்று என்று நினைத்த வெளிச்சத்துக்குள் இரண்டு இருந்தால், இன்னும் எதற்குள் என்னவெல்லாம் இருக்குமோ என்று தோன்றியது. அதற்குப் பிறகு அத்தா எவ்வளவு கூப்பிட்டும் நான் மண்டிக்குப் போகவில்லை.

படித்து முடித்து, இரண்டு இடத்தில் வேலை பார்த்து, கடைசியில் தாம்பரம் கிழக்கில் வந்து விழுந்தேன். சேலையூர் தாண்டி, வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வேப்பமரங்களுக்கு நடுவே ஓர் ஆய்வுக்கூடம். நிறமாலைமானிகளை வடிவமைப்பதும், இருப்பதைச் செம்மைப்படுத்துவதும்தான் எங்கள் வேலை. ஒரு பொருளைச் சுடரில் காட்டினால் அது தனக்கென்று உள்ள நிறக் கோடுகளில் ஒளிரும். அந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்டுவது நிறமாலைமானி. இவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம், எவ்வளவு மங்கலான கோட்டைப் பார்க்க முடியும் என்ற போட்டி.

அந்தப் போட்டியில் எங்களை ஓடவிட்டவர் டாக்டர் எஸ்தர் மேடம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் எப்போதும் ஒரு கறுப்புத் துணி. வெளிச்சம் கசியும் இடத்தைக் கண்டால் அந்தத் துணியைப் போட்டுப் பார்ப்பார். கருவிக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "உட்கார்ந்தா அது சொன்னதையெல்லாம் நம்பத் தோணும்," என்பார். எந்த அளவையும் மூன்று முறை எடுக்க வேண்டும். முதல் இரண்டும் அச்சாக ஒத்து வந்தாலும் மூன்றாவதை விட முடியாது. மூன்றும் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மூணும் ஒத்து வருது," என்பார். அதைச் சொன்ன பிறகுதான் நாங்கள் பேனாவைத் தொடலாம்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் புதுக் கருவி ஒன்றைக் கட்டினோம். ஒளியை ஒரு தடவை பிரித்து, பிரித்ததை மறுபடி ஒரு தடவை பிரிக்கும் ஏற்பாடு. கடைசியில் ஒளியை எண்ணும் குழாயைக் குளிர்வித்து வைக்க வேண்டும். அதற்கு ஐஸ் தாம்பரம் மார்க்கெட் மீன் கடையிலிருந்து வந்தது. உலகத் தரமான கருவி என்று வெளியே சொல்லிக்கொண்டோம், உள்ளே அறை முழுக்கச் சங்கரா மீன் வாடை.

கருவி ஓடத் தொடங்கியதும் ஒரு வேடிக்கை. தினமும் மதியம் மட்டும், சுடரே இல்லாத நேரத்தில்கூட, எண்ணிக்கை மேலே ஏறி இறங்கியது. மின்சாரம் என்றோம், வெயிலின் சூடு என்றோம், ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மேடம் மதிய வேளையில் அறையின் மூலையில் நின்றுகொண்டார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியை மேசையில் மல்லாக்க வைத்தேன். மேலே வென்டிலேட்டர் வழியே வந்த வெயில் அந்த மூடியில் பட்டுத் திரும்பி, கருவிப் பெட்டியில் ஒரு திருகு இல்லாத ஓட்டைக்குள் போனது.

"ரஹீம், உங்க வீட்டு பிரியாணிக்கு நல்ல நிறமாலை இருக்கு," என்றார் மேடம். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸுக்குத் தடை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "வெளிச்சம் அது பாட்டுக்கு வரும், போகும். ஓட்டைய அடைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, தி.நகரில் வாங்கிய கறுப்பு வெல்வெட்டை உள்ளே ஒட்டி, ஒரு வழியாகக் கருவி அடங்கியது. பழைய கருவிக்கு எட்டாத அளவுகளை இது பார்த்தது. குடிதண்ணீரில் இருக்கக்கூடாத உலோகங்களை, இருக்கலாம் என்று சொல்லப்பட்ட வரம்புக்கும் கீழே போய்க் காட்டியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது எதையாவது கொண்டுவந்து அளக்கச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து வறட்சி வந்தது. தெருத்தெருவாகத் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசை வைத்த காலம். சிட்லபாக்கம் ஏரியில் மாடு மேய்ந்தது. அந்த ஏரிக்குப் பக்கத்துத் தெருவில்தான் என் அக்கா ஜுலைகாவின் வீடு. அவள் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. காலையில் கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள். தெருவே வந்து இறைத்துக்கொண்டு போகும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் கன்னியம்மா முதல் ஆளாக வருவாள். வந்தால் அக்காவோடு ஒரு டீ குடிக்காமல் போக மாட்டாள்.

அக்காவின் கணவர், சுலைமான் மச்சான், ஒரு காலத்தில் தோல் மண்டி வைத்திருந்தவர். மண்டியை மூடிய புதிதில் மிச்சமிருந்த தோலைக் கொஞ்ச நாள் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு வைத்திருந்தார். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பதனிட்ட தோலில் குரோமியம் இருக்கும், அது நிலத்தடி நீரில் இறங்கினால் ஆபத்து என்பதைப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். தெருக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் சுந்தரேசன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், எதிலும் எச்சரிக்கை. ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளையெல்லாம் பரிசோதித்துவிடலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து கேட்டார்.

அவர் கிளம்பியதும் நான் எழுந்தேன். மேடமிடம் போய், "அதுல ஒரு கிணறு எங்க அக்காவோடது மேடம். நான் இதுல இல்லாம இருக்கறது நல்லது," என்றேன்.

"நீங்க இல்லாம இந்தக் கருவிய யாரு ஓட்டுவாங்க? ஓட்டுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்." சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யலாம். உங்க அக்கா வீட்டு பாட்டில்களை மட்டும் இன்னும் ரெண்டு நாள் கூடுதலா ஊற வைங்க. நம்ம ஆளோட கிணறுன்னு அசட்டையா எடுத்தாங்கன்னு நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது," என்றார்.

இந்த ஊற வைத்தலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறமாலைமானி கட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி என்றால் உயிர். உள்ளே இருக்கும் ஆடிகளுக்கு உலோகப் பூச்சுப் பூசுவதற்கு முன்னால், விரல்ரேகையளவு எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லாமல் கழுவ வேண்டும். அதற்கென்று புகைபோக்கிக்குக் கீழே ஒரு தொட்டி இருக்கும். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் அமிலக் கலவை. அதில் போட்டு எடுத்துத் தண்ணீரில் அலசினால் கண்ணாடியின் மேல் தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் ஒரே படலமாக வழியும். அதைப் பார்க்கவே சுகமாக இருக்கும். ஆடி ஆனாலும் பாட்டில் ஆனாலும் எங்களுக்குக் கண்ணாடி கண்ணாடிதான். தண்ணீர் மாதிரிக்கான பாட்டில்களையும், எப்பவும் அப்படித்தான் என்று, அதே தொட்டியில் போட்டோம். அக்கா வீட்டுப் பாட்டில்கள் கூடுதலாக ஊறின. பளிங்காக வந்தன.

கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தோம். சில நாள் கழித்து அளக்க ஆரம்பித்தோம். குரோமியத்துக்கு நீல ஊதாப் பகுதியில் மூன்று கோடுகள் உண்டு. பக்கத்துப் பக்கத்தில், முதலாவது பிரகாசமாக, அடுத்தது கொஞ்சம் குறைவாக, மூன்றாவது இன்னும் குறைவாக. மூன்றும் அந்த வரிசையில் தெரிந்தால் அது வேறெதுவும் இல்லை. எல்லாக் கிணறுகளிலும் அந்த மூன்றும் மங்கலாகத் தெரிந்தன. பல்லாவரத்துத் தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கம் என்பதால் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அக்கா வீட்டுத் தண்ணீரைச் சுடருக்குக் கொடுத்தேன். மூன்றும் பளிச்சென்று எழுந்தன. குடிநீர் வரம்பையும் தாண்டிவிட்டது.

மூன்று முறை எடுத்தேன். மேடம் கண்ணாடியைத் துடைத்தார், ஆனால் வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அன்றைக்கு என்று பார்த்து, முடிவு எப்போது வரும் என்று கேட்க சுந்தரேசன் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் முடியவில்லை என்றேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த வாரமே தெருவிலிருந்து அக்கா வீட்டுக் கேட்டுக்குள் ஒரு குடம்கூட வரவில்லை. கொல்லையில் தோல் கழிவைப் புதைத்துவிட்டார்கள் என்று பேச்சு. சுலைமான் மச்சான் பள்ளிவாசலுக்குப் போவதற்குக்கூடச் சுற்று வழியில் போனார். அறிக்கை மேடம் கையெழுத்தோடு வெளியே போனால் கிணற்றுக்கு மூடி போட்டுவிடுவார்கள். மூடிய கிணற்றோடு அந்தப் பெயரும் அந்த வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மேடம் அறிக்கையை எழுதவில்லை. "முதல்ல நம்ம பெட்டியச் சந்தேகப்படுவோம்," என்றார். எங்கள் தொழிலில் பேய்க் கோடு என்று ஒன்று உண்டு. ஒளியைப் பிரிக்கும் தகட்டில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். அவற்றின் இடைவெளியில் சிறு பிசகு இருந்தால், பலமான ஒரு கோட்டின் இரு பக்கமும் பொய்க் கோடுகள் முளைக்கும். நம் ஊர்க் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதன் பலமான கோடு குரோமியம் கோடுகளுக்கு மிகப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பேயைக் குரோமியம் என்று நம்பிவிட்டோமா?

எனக்கு உயிர் வந்தது. சுண்ணாம்பு மட்டும் கலந்த தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் தயாரித்துச் சுடருக்குக் கொடுத்தோம். பக்கத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. தகட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினோம். வேறு தகட்டை மாட்டினோம். கறுப்புத் துணியை எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்தோம். சுத்தமான வாலைவடிநீரைத் தயாரிப்புக் கேனிலிருந்து நேரே கொடுத்தோம், வெறிச்சென்று இருந்தது. அக்கா வீட்டுப் பாட்டிலை வைத்தால் மூன்று கோடுகளும் வந்து நின்றன.

"கருவி பொய் சொல்லலை ரஹீம்," என்றார் மேடம். அந்தக் குரலில் பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. நான் கட்டிய கருவி. அது நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு என் அக்காவின் கிணறு சாட்சி. அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்று வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை அக்காவே ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள். முக்காடு நெற்றி வரை இழுத்திருந்தது. கையில் பழைய குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். லேபிள் பாதி கிழிந்திருந்தது.

"ஏன்டா ரஹீமு, உங்க மெஷினுக்கு ஊர்ல வேற கிணறே கிடைக்கலையா?"

"அக்கா, உள்ள வா. கத்தாத."

"நான் எங்கடா கத்தினேன்? கன்னியம்மா டீ குடிக்க வரலைடா. அடுப்புல வச்சு வச்சு ரெண்டு நாளா கீழ கொட்டறேன். உன் மச்சான் கழிவெல்லாம் எதையும் புதைக்கலை. அவரு வெயில்ல காய வச்ச தோல்ல ஒரு துண்டுகூட மண்ணுல போடலை. எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு பாட்டிலை நீட்டினாள். "உங்க பாட்டில்ல எடுத்தீங்கல்ல. இப்போ என் பாட்டில்ல பாருங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. "அக்கா, இது கழுவாத பாட்டில். இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது."

"ஏன், நான் கழுவ மாட்டேனா? சபீனா போட்டு கழுவி வச்சிருக்கேன்."

பின்னாலிருந்து மேடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வைங்க ரஹீம், பார்ப்போம்," என்றார்.

"மேடம், முறைப்படி இது..."

"முறைப்படி பார்த்தாச்சே. இப்போ முறையில்லாம பார்ப்போம். அதுல என்ன தெரியுதுன்னு எனக்கு ஆசையா இருக்கு."

நுண்குழாயை நேராக அந்தக் குளிர்பான பாட்டிலுக்குள் விட்டேன். சுடர் தண்ணீரை உறிஞ்சியது. சுண்ணாம்புக் கோடு வழக்கம்போல் எழுந்தது. குரோமியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மறுபடி எடுத்தேன். இல்லை. மூன்றாவது முறை எடுத்தபோது திரும்பிப் பார்த்தேன். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மேடம், ரொம்ப மோசமா?"

"இல்லம்மா. ரொம்ப வேடிக்கையா இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சொல்லி அனுப்பறேன்," என்றார். எனக்கும், முழுசாகத் தெரியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சாடை காட்டினார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்த வேளையில் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய பாடு.

அக்காவின் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதியை எங்கள் பளிங்குப் பாட்டில் ஒன்றில் ஊற்றினோம். மீதியை அப்படியே வைத்தோம். மறுநாள் இரண்டையும் சுடருக்குக் கொடுத்தோம். அழுக்குப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. சுத்தமான பாட்டிலில் மூன்று கோடுகள். பிறகு இன்னொரு பளிங்குப் பாட்டிலில் வெறும் வாலைவடிநீரை ஊற்றி வைத்தோம். அதிலும் மூன்று கோடுகள் எழுந்தன. கிணறே தேவைப்படவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் புகைபோக்கிப் பக்கம் திரும்பினோம். ஆரஞ்சு நிறத் தொட்டி அமைதியாக இருந்தது. அந்தக் கலவையின் பெயர் குரோமிக் அமிலம். பெயரிலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "குரோமிக்ல போட்டாச்சா?", "குரோமிக்ல இருந்து எடுத்தாச்சா?" என்று நாங்கள் தினமும் கூவியிருக்கிறோம். எவ்வளவு அலசினாலும் அதில் துளியளவு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு தண்ணீருக்குள் மெல்ல இறங்கியிருக்கிறது. ஆடிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பழைய கருவிக்கு அந்தத் துளி தெரிந்ததும் இல்லை. புதுக் கருவிக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பாட்டிலை அக்கறையாக அதிகம் ஊற வைத்தோமோ அந்தப் பாட்டில் அதிகமாகக் காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வெறும் தண்ணீரை மட்டும் கேனிலிருந்து நேராக எடுத்தோம், பாட்டிலுக்குள் விடவே இல்லை.

மேடம் சிரித்தார். நான் அழுதேன். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான்.

புது பிளாஸ்டிக் பாட்டில்களை வேறு அமிலத்தில் கழுவி, ஒரு பாட்டில் வெறும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு, மறுபடி எல்லாக் கிணறுகளுக்கும் போனோம். நிர்மலா கேட்ட ரூல் அன்றைக்குத் தொடங்கியதுதான், பாட்டில் எதையாவது விட்டால் அந்த வெறும் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கிணற்றிலும் குரோமியம் தெரியவில்லை. அறிக்கை எழுதினோம். அதில் தவறு எங்கள் பாட்டிலில் என்று மேடம் முதல் வரியிலேயே போட்டார். அதுவரைக்கும் சரி. அக்கா வீட்டுக் கிணற்றுக்கு எதிரே, "இந்தக் கருவியால் காணக்கூடிய அளவுக்குக் கீழே" என்று எழுதினார்.

அக்கா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதினா உங்க மேடத்துக்கு என்னடா குறைஞ்சு போவுது?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். போய்க் கேட்டேன், கொஞ்சம் சூடாகவே.

"மேடம், மூணு முறை பார்த்தாச்சு. இல்லை. இல்லைன்னு எழுதுங்களேன்."

"நமக்குத் தெரியலைன்னுதான் எழுத முடியும். போன வருஷம் பழைய கருவி வச்சு 'இல்லை'ன்னு எழுதிக் குடுத்திருந்தா அது உண்மையா? நாளைக்கு ஒருத்தர் நம்மளவிட நல்ல கருவி கட்டுவாரு. அவருக்கும் இடம் விட்டு வைக்கணும்."

"அவங்க வாழ்க்கை மேடம்."

"தெரியும் ரஹீம்," என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் சங்கத்தார் கூடினார்கள். சுந்தரேசன் சார் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ரஹீம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. அளவுக்குக் கீழேன்னா, இருக்குன்னுதானே அர்த்தம்? கீழே இருக்கு, ஆனா இருக்கு."

நான் விளக்க ஆரம்பித்தேன். சுடர், கோடு, எண்ணிக்கை என்று போனேன். யார் முகத்திலும் தெளிவு வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் வெளியே வரவே இல்லை.

அப்போது தெருவில் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. எஸ்தர் மேடம். கோயிலில் ஞாயிறு ஆராதனை முடித்து நேராக வந்திருக்கிறார், வெள்ளைச் சேலை, கைப்பையில் வேதப் புத்தகம். அவர் வருவதாக என்னிடம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சுந்தரேசன் சாரின் கேள்வியைக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி சார். எழுதறப்போ எங்க கருவி எது வரைக்கும் பார்க்கும்னு எழுதணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுத எனக்கு உரிமை இல்லை," என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "வெயில்ல வந்தேன்மா. குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்க. கிணத்துத் தண்ணியா குடுங்க."

அக்கா தயங்கினாள். பிறகு தானே வாளியை இறக்கி இறைத்து, எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். மேடம் நின்றபடியே அண்ணாந்து குடித்தார். டம்ளரைத் திருப்பி நீட்டினார்.

"இன்னொண்ணு."

அதையும் குடித்தார். நிதானமாக, நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கி. மறுபடி டம்ளரை நீட்டினார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "போதும் மேடம். வயித்த வலிக்கப் போவுது."

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா," என்றார் மேடம்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவின் கையிலிருந்து டம்ளரை நானே வாங்கிப் போய் நிரப்பிக் கொண்டுவந்தேன். மூன்றாவதையும் சொட்டு விடாமல் குடித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"மூணும் ஒத்து வருது," என்றார்.

சுந்தரேசன் சார் அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கன்னியம்மா பக்கத்தில் நின்றவரிடம், "அந்தம்மாவே மூணு கிளாஸு குடிச்சிகினு நிக்குது. நம்ம இன்னாத்துக்கு லாரிக்கு நின்னுகினு கீறோம்?" என்றாள். சொல்லிவிட்டுக் குடம் எடுத்துவர வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அக்கா உள்ளே போய் டீக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.